பழைய கார் வெச்சிருக்கீங்களா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அப்பா பத்து வருஷம் ஓட்டிவிட்டு உங்கள் கையில் சாவியைக் கொடுத்த ஆல்ட்டோவாக இருக்கலாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய செகண்ட்ஹேண்ட் ஐ10 ஆக இருக்கலாம். பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு பொதுவான பயம் உண்டு. டேஷ்போர்டில் ஒரு லைட் எரிந்தால் போதும், 'போச்சு, இந்த மாச சம்பளம் காலி' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

பழைய கார் பணத்தை முழுங்குவதற்கு வயசு மட்டும் காரணம் இல்லை. 'இதாத்தான் இருக்கும்' என்று ஒரு பார்ட், சரியாகவில்லை என்றால் 'அப்போ அதா இருக்கும்' என்று இன்னொரு பார்ட் எனக் குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டே போவதும் ஒரு பெரிய காரணம். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் ஸ்பேனரைத் தொடலாம். அதற்கு நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கண், காது, மூக்கு, கையில் இருக்கும் போன்... இவை போதும்.

முதல் வேலை: துப்பறியுங்கள்!

'வண்டியில ஏதோ சத்தம் வருதுண்ணே' என்று மெக்கானிக்கிடம் சொன்னால், அவராலும் ஊகம்தான் செய்ய முடியும். அதற்குப் பதில் நான்கு கேள்விகளுக்குப் பதிலோடு போங்கள்.

* எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, இன்ஜின் சூடான பிறகா?
* எங்கிருந்து வருகிறது? முன்னாலா, பின்னாலா, இடமா, வலமா?
* என்ன செய்யும்போது வருகிறது? பிரேக் மிதித்தால், ஸ்டீயரிங் திருப்பினால், வேகத்தடையில் ஏறினால்?
* கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? புது சர்வீஸ் முடிந்த மறுநாளே பிரச்னை என்றால், அங்கே கை வைத்த இடத்திலிருந்தே தேட ஆரம்பிக்கலாம்.

முடிந்தால் அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் 'டொக் டொக்' என்று அலறிய கார், மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்ததும் சமர்த்தாக மாறிவிடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

டேஷ்போர்டு லைட்: கலர் முக்கியம்

சிவப்பு எரிந்தால் 'ஓரம் கட்டு' என்று அர்த்தம். குறிப்பாக, எண்ணெய்க் குவளை போலிருக்கும் ஆயில் பிரஷர் லைட் ஓடும்போது எரிந்தால், 'பக்கத்துலதானே வீடு, போயிடலாம்' என்று நினைக்காதீர்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே இன்ஜின் உள்ளுக்குள் தேய்ந்து நாசமாகும்.

மஞ்சள் நிற செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப்போய்க் காட்டலாம். அதுவே மின்னி மின்னி எரிந்தால், பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குள் போய் விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி சாக்கெட் இருக்கும். அதில் சொருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் கிடைக்கிறது. போனில் ஓர் ஆப் இறக்கினால், லைட் ஏன் எரிகிறது என்ற கோடு எண் தெரிந்துவிடும்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கோடு காட்டுவது அறிகுறியை. கெட்டுப்போன பார்ட்டை அல்ல. உதாரணத்துக்கு, 'பி0171' என்ற கோடு வந்தால், பெட்ரோலோடு ஒப்பிடும்போது காற்று அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்ததுமே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. ஆனால், வெடித்துப்போன ஒரு ரப்பர் வேக்யூம் ஹோஸ் வழியாகக் காற்று உள்ளே போனாலும் இதே கோடுதான் வரும். பழைய காரில் ரப்பர் விறைத்து வெடிப்பது சகஜம். எனவே மலிவான சந்தேகத்தை முதலில் பாருங்கள். சென்சாருக்குக் கடைசியில் போகலாம்.

இன்னொரு சந்தேக நபர், எலி. நாலு நாள் நிறுத்திவைத்த காரில் திடீரென்று லைட் எரிந்தால், ஸ்கேனருக்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். கடித்த தடம் தெரிகிறதா? புகையிலை, நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். காரில் சிப்ஸ், பிஸ்கட் சிந்தாமல் இருப்பதும், வண்டியை நாள்கணக்கில் ஒரே இடத்தில் போட்டுவைக்காமல் இருப்பதும் அடிப்படை.

செல்ஃப் எடுக்கலையா?

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

'டிக் டிக் டிக்' என்று வேகமாக வந்தால்: பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் லூஸ்.

'டொக்' என்று ஒரே சத்தம், பிறகு அமைதி என்றால்: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். லைட் மங்கி அணைந்தால் பேட்டரி. லைட் பிரகாசமாகவே இருந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்: பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் அல்லது ஸ்பார்க் வரவில்லை. சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய 'ம்ம்ம்' சத்தம் கேட்க வேண்டும். அது ஃபியூயல் பம்ப். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, கடைசியில்தான் பம்ப். டேஷ்போர்டில் சாவி படம் மின்னினால், இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

'பேட்டரி போச்சு' என்று புதுசு வாங்கும் முன் ஒரு சின்ன மல்டிமீட்டர் வைத்து இரண்டு அளவு எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2-க்குப் பக்கம் வந்தால் பாதிதான். அடுத்து, இன்ஜின் ஓடும்போது அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். அது 12-லேயே நின்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், அதாவது நம்ம ஊர் மொழியில் டைனமோ. அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பழைய பிரஷால் தேயுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகலாம்.

டெம்பரேச்சர் முள்: இதில் மட்டும் ரிஸ்க் வேண்டாம்

பழைய காரைக் கொல்லும் நோய்களில் முதலிடம் ஓவர்ஹீட்டிங்குக்குத்தான். சில பத்து ரூபாய் ஹோஸ் கிளிப்பில் தொடங்கி, ஹெட்டைக் கழற்றிச் செய்யும் இன்ஜின் வேலையில் முடியும்.

ஓடும்போது முள் மேலே ஏறினால் ஏ.சி-யை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழு அளவில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் இறங்கிவிடும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தம் குறைந்த அடுத்த நொடி, மொத்தமும் கொதித்து முகத்தில் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள்.

ஆறிய பிறகு காரணத்தைத் தேடலாம். எப்போது சூடானது என்பதே துப்பு. டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஃபேன் மோட்டார் மாற்றும் முன் அதன் ஃபியூஸ், ரிலேயைப் பாருங்கள். ஹைவேயிலும் ஏறினால் கூலன்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

'கூலன்ட் எதுக்கு, தண்ணி ஊத்துங்க' என்பது பழைய வைத்தியம். போர் தண்ணீரில் உப்பு அதிகம். டீ கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூடவே துருவும் பிடிக்கும். நடுவழியில் ஆபத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃப்ளஷ் செய்து, டிஸ்டில்டு வாட்டரோடு கலந்த கூலன்ட் ஊற்றிவிடுங்கள்.

இன்னொரு வைத்தியமும் உண்டு: 'தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா சூடே ஆகாது சார்.' ஆமாம், சூடாகாது. அதனால்தான் பிரச்னை. இன்ஜின் அதற்கான வெப்பநிலைக்கு வராமலேயே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். புது தெர்மோஸ்டாட் போடச் சொல்லுங்கள்.

வெளியில் ஒழுகலே இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? ஆயில் மூடியின் அடியில் காபி நுரை போலப் படிந்திருக்கிறதா? இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே ஓட்டிப் பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

ஏ.சி: வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறீங்களா?

ஏ.சி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு கோடையிலும் கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஓடும்போது சில்லென்று வந்து, சிக்னலில் நின்றால் வெப்பக் காற்று வருகிறதா? முன்னால் இருக்கும் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது அதன் ஃபேன் ஓடவில்லை. காற்றே குறைவாக வருகிறதா? கேபின் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள். பல கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பக்கத்து சீட்டின் காலடியில் ஈரமா? ஏ.சி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும்.

பிரேக்கும் டயரும்: தள்ளிப்போடக் கூடாதவை

இன்ஜின் ரிப்பேர் ஆனால் கார் நிற்கும். பிரேக் ரிப்பேர் ஆனால் கார் நிற்காது. இந்த வித்தியாசம் போதும், இதற்கு ஏன் முதல் செலவு என்று புரிந்துகொள்ள.

* 'கீச்' சத்தம்: பேட் தேய்ந்திருக்கலாம். இரும்பு உரசும் 'கர்ர்' சத்தமாக மாறினால் டிஸ்க்கையும் சேர்த்து அரிக்கிறது.
* பெடல் பஞ்சு போல அமுங்குகிறது: லைனில் காற்று, அல்லது பிரேக் ஆயில் பழசு.
* மிதித்துக்கொண்டே இருந்தால் மெல்லக் கீழே இறங்குகிறது: மாஸ்டர் சிலிண்டர் அல்லது எங்கோ ஒழுகல். வண்டியை ஓட்டாதீர்கள்.
* பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது: ஒரு சக்கரத்தின் காலிபர் சிக்கியிருக்கலாம்.
* வேகத்தில் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது: டிஸ்க்கின் பரப்பு சமமாக இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஊருக்குள் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது, ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் அப்படியே உள்ளே போய்விடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். மலை இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத பழைய காரில் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுப்போயிருக்கும். பக்கவாட்டில் விரிசல் தெரிந்தால் ஹைவேக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கறை, புகை, சத்தம்: ஒரு நிமிட டயக்னோஸிஸ்

ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவையுங்கள். காலையில் கறையைப் பாருங்கள்.

* வெறும் தண்ணீர்: ஏ.சி. பயமில்லை.
* கறுப்பு, பழுப்பு: இன்ஜின் ஆயில்.
* பச்சை, பிங்க்: கூலன்ட்.
* சிவப்பு: பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோ கியர் ஆயில்.
* சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் மாதிரி: பிரேக் ஆயிலாக இருக்கலாம். எடுக்காதீர்கள்.

கறை இல்லை, ஆனால் பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் பலவும் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இல்லை. அடுத்த சர்வீஸில் ஃபியூயல் ஹோஸ்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

புகையில், நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்ததும் மட்டும் வந்தால் வால்வு சீல், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் என்று சந்தேகிக்கலாம். கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது 'கட கட' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். வேகம் கூடக் கூட 'ஹூம்' என்று கூடினால் வீல் பேரிங். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'க்ரீச்' என்றால் பெல்ட். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

எந்த அறிகுறியும் காட்டாத வில்லன்

இதுவரை சொன்ன எல்லாம் முன்கூட்டியே ஏதாவது சொல்லும். சொல்லாமல் கொள்ளாமல் அறுவது டைமிங் பெல்ட். ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி மொத்த வேலையும் வந்துவிடும். எல்லாக் கார்களிலும் பெல்ட் இல்லை. பழைய சான்ட்ரோவில் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்களில் செயின். உங்கள் காரில் எது என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால், எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். செகண்ட்ஹேண்டில் வாங்கி, எப்போது மாற்றியது என்று பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் மூழ்கினால்...

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவதுதான் ஆகப்பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்து கொண்டுபோங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

'பம்ப் மாத்திடுங்கண்ணே' என்று பார்ட் பெயரைச் சொன்னால், அவர் பம்ப்பை மாற்றிக் கொடுத்துவிடுவார். பிரச்னை அப்படியே இருந்தாலும் நீங்கள் கேட்டதை அவர் செய்துவிட்டார். அதனால் அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். 'எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?' என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், கழற்றிக் காட்டி விளக்குவார். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பிரித்துச் செய்தால், எது சரிசெய்தது என்று உங்களுக்கும் தெரியும்.

பழைய பார்ட்ஸுக்கு சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், மிரர் எல்லாம் அங்கே தாராளமாகத் தேடலாம். பிரேக், டயர், டைமிங் பெல்ட், ஏர்பேக் மட்டும் புதுசாகத்தான் வாங்க வேண்டும்.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

தனிநபர் காரின் ஆர்.சி 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ-வில் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். எனவே 15 வயது ஆகிவிட்டது என்பதாலேயே காரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சேஸிஸிலும் அடிப்பாகத்திலும் துரு ஆழமாக இறங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். இன்ஜினைச் சரிசெய்யலாம், மக்கிய பாடியைக் காப்பாற்றுவது கஷ்டம். அடுத்து, ஒரு வருட ரிப்பேர் பில்களைக் கூட்டி, இன்னொரு கார் வாங்கினால் கட்ட வேண்டிய 12 மாத இ.எம்.ஐ-யோடு ஒப்பிடுங்கள். பில் குறைவாக இருந்து, பிரேக்கும் பாடியும் நன்றாக இருந்தால் தைரியமாக வைத்து ஓட்டலாம்.

மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நிமிடம் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு, டயர் காற்று (ஸ்டெப்னியையும் சேர்த்து), பேட்டரி டெர்மினல், எல்லா லைட்டும். பார்த்ததை போனில் தேதியோடு குறித்துவையுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் காரைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்த ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது யாரும் உங்களிடம் தேவையில்லாத பார்ட்டை விற்கவும் முடியாது!